மூட்டு மாற்று அறுவைக்குப் பின் முழங்கால் மடங்கவில்லை: வலியோடு பயிற்சி செய்ய வைக்கலாமா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 66 வயதான உங்கள் தாயாருக்குப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்து மூன்று வாரம் கடந்துவிட்டது, கால் 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை, முட்டி வீங்கிச் சூடாக இருக்கிறது, இரவில் தூக்கமில்லை, மடக்கச் சொன்னால் அழுகிறார். பக்கத்துத் தெருவில் இதே அறுவை செய்துகொண்ட ஓர் அம்மா மூன்றாவது வாரம் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய்வந்ததைச் சொல்லி, அறுவை தோற்றுவிட்டது, விலை குறைந்த மூட்டை வைத்துவிட்டார்கள், பேசாமல் எண்ணெய் போட்டு நீவிக் கட்டுப் போடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வி அறுவை தோற்றதா என்பது. ஆனால் கடிதம் முழுவதையும் படித்தால், அம்மா அழும்போது பயிற்சியைத் தொடரச் செய்வது அவருக்கு நன்மையா கெடுதலா என்பதுதான் உங்களை வாட்டுவது என்று தெரிகிறது. அதற்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் இயன்முறை மருத்துவர். கடலூரிலும் புதுச்சேரியிலுமாகப் பல ஆண்டுகளாக இத்தகைய முழங்கால்களோடுதான் என் வேலை. அறுவை மருத்துவர் அல்ல. உங்கள் தாயாரின் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை, எக்ஸ்ரேயும் என் கண்ணில் படவில்லை. ஆகவே மூட்டு சரியான இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்பது பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் அறுவை செய்தவர்.

பயிற்சியைப் பற்றிப் பேசுமுன், பயிற்சியால் தீராத இரண்டு ஆபத்துகளை விலக்கிவிட வேண்டும். தையல் போட்ட இடத்திலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும், குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று திரும்பி ஏறினாலும் அது தொற்றாக இருக்கலாம். அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றைக்கே போக வேண்டும். தெரிந்த மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்ப்பது தொற்றை மறைத்துவைக்குமே தவிரத் தீர்க்காது. இரண்டாவது, கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் அழுத்தினால் வலியும் வருவது. அது இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை, 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால், சொன்ன நாள்வரை ஒரு வேளைகூட விடக்கூடாது. உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்குத் தொற்றும் அதிகம், மூட்டு விறைப்பதும் அதிகம்.

மேற்சொன்னவை எதுவும் இல்லையென்றால், நீங்கள் விவரித்த வீக்கமும் சூடும் இரவு வலியும் மூன்றாம் வாரத்தில் பெரும்பாலான முழங்கால்களில் காணப்படுபவையே. இந்த அறுவையில் தேய்ந்த பரப்பைத் தொடை எலும்பின் அடி நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் சீவி எடுத்துவிட்டு, உலோக உறைகளைப் பொருத்தி, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். அதற்காகத் தோலும் தசையின் விளிம்பும் மூட்டுறையும் வெட்டித் திறக்கப்படுகின்றன. தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது, தையலும் பிரிக்கப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஆறிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். உள்ளே ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். முட்டி மறு காலைவிடச் சூடாக இருப்பது ஆறு மாதம்வரைகூட நீடிக்கலாம். வீக்கம் மாலையில் கூடிக் காலையில் குறைவது மூன்று நான்கு மாதம் தொடரலாம். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கையளவு இடம் மரத்துப்போயிருக்கும். அங்கே போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது அது, சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். நடக்கும்போது உள்ளே 'டக்' என்று கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் ஓசை. வலியில்லாமல் கேட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி மடக்கும் கணக்கு. காலை நீட்டினால் 0, நாற்காலியில் செங்கோணமாக உட்கார்ந்தால் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை போதும். மாடிப்படி ஏற 80க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90க்கும் சற்று அதிகம் வேண்டும். குந்தி உட்கார 130ஐத் தாண்ட வேண்டும். ஆறாம் வார முடிவுக்குள் 90ஐத் தொட்டுவிட வேண்டும் என்பது நாங்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. கடைசியில் பெரும்பாலோர் 110க்கும் 120க்கும் இடையில் நிற்கிறார்கள். ஆக மூன்றாம் வாரத்தில் 70 என்பது பின்தங்கிய கணக்குத்தான், அதை மழுப்ப மாட்டேன். தோல்வி என்று சொல்ல அது போதாது. இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கிறது, இந்த மூன்று வாரம்தான் மிகவும் மதிப்புள்ளது, ஏனெனில் உள்ளே உருவாகும் தழும்புத் திசு இப்போது இளகலாக இருக்கிறது. மூன்று மாதம் போனபின் அதே திசு இறுகிவிடும். அப்போது இதே பயிற்சி இரண்டு மடங்கு உழைப்பைக் கேட்டுப் பாதிப் பலன் தரும்.

கடைசியில் எவ்வளவு மடங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் வலுவானது, அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே. பல ஆண்டுகள் வலியைப் பொறுத்துக்கொண்டு, கால் 80 பாகையில் பூட்டிக்கொண்ட பிறகு அறுவைக்கு வந்தவருக்கு 120 கிடைப்பது அரிது. பக்கத்துத் தெரு அம்மாவின் கால் அறுவைக்கு முன்பே நன்றாக மடங்கியிருந்தால், அவரோடு உங்கள் தாயாரை ஒப்பிடுவதே தவறு. கோயிலுக்கு நடந்ததில் வியக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சொன்ன கணக்குப்படி 70 பாகை மடங்கும் காலோடும் நடக்கலாம். உங்கள் தாயார் நடப்பதை நிறுத்தியிருந்தால் அதுதான் எனக்குக் கவலை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி: 'வலி குறையட்டும் என்று இரவெல்லாம் முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை வைக்கிறோம்.' இன்றிரவே அதை எடுத்துவிடுங்கள். எல்லோரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள், நீட்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீங்கிய முட்டி இலேசாக மடங்கிய நிலையில்தான் சுகம் கொடுக்கும்; அந்தச் சுகத்திலேயே எட்டு மணி நேரம் கிடந்தால், பின்புறத் தசையும் மூட்டுறையும் அந்த நீளத்துக்கே சுருங்கிக்கொள்ளும். முழுதாக நீளாத கால் நடக்கும்போது குட்டைக் கால்போல் நடந்துகொள்ளும். நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பும் மறு முட்டியும் அதற்கு விலை கொடுக்கும். 100 பாகை மட்டுமே மடங்கி முழுதாக நீளும் கால், 120 மடங்கியும் 15 பாகை நீளாமல் நிற்கும் காலைவிடப் பன்மடங்கு பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்குக் கீழே வெற்றிடமாக இருக்கட்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தேடிப் போவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடச் சொல்லுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை இது போதும்.

இந்தத் தொடையை இறுக்கும் பயிற்சி மிகச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இதைவிட முக்கியமானது இல்லை. முன் தொடையின் பெரிய தசை அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் தன் பழைய வலுவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை நரம்பு வழியாக அந்தத் தசைக்குப் போகும் கட்டளையே மட்டுப்படுகிறது. 'காலைத் தூக்கு என்றால் தூக்க வரவில்லை' என்று அவர்கள் சொல்வது சோம்பலால் அல்ல. வீக்கத்தைக் குறைப்பது வலிக்காக மட்டுமல்லாமல் இந்தத் தசையை எழுப்புவதற்காகவும்தான் என்று புரிந்துகொண்டால், ஐஸ் ஒத்தடத்தையும் காலை உயர்த்தி வைப்பதையும் விட மாட்டீர்கள். ஐஸை ஈரத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம், பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும். மரத்துப்போன இடம் இருப்பதாலும், சர்க்கரை நோயாளிகளுக்குத் தோல் உணர்ச்சி குறைவதாலும், நேரடியாகத் தோலின் மேல் வைக்கக்கூடாது.

மடக்குவதற்கு வருவோம். அழுகிற அளவுக்கு வலிப்பது பெரும்பாலும் பயிற்சி கொடுக்கப்படும் விதத்தால். காலையில் ஒரு முறை, யாராவது ஒருவர் காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லி அழுத்துவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சில பயிற்சிக் கூடங்களிலும் இதுவே நடக்கிறது. அப்படி அழுத்தினால் தசை எதிர்த்துப் பூட்டிக்கொள்ளும், முட்டி அன்று மாலை வீங்கும், வீங்கிய முட்டி மறுநாள் குறைவாக மடங்கும். நீங்கள் கை வைக்க வேண்டாம். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல காலை அறுவைக் காலின் கணுக்காலுக்கு முன்னால் கொண்டுவந்து, அதைக் கொண்டே மெல்லப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். தள்ளுகிறவரும் வலிக்கிறவரும் ஒருவரே என்பதால் பயம் குறையும். இழுக்கிறது என்ற இடத்தில் நிறுத்தி இருபது எண்ண வேண்டும், விட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை வேண்டும். படுக்கையில் குதிகாலைச் சறுக்கி இடுப்பை நோக்கிக் கொண்டுவருவதும் இதே வேலையைச் செய்யும். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்தால் எளிதாகச் சறுக்கும்.

எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன் கொடுங்கள். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பயந்து நிறுத்திவிட்டு, வலிக்கிறது என்று பயிற்சியையும் நிறுத்துவது நான் அடிக்கடி பார்ப்பது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. சில வகை வலி மாத்திரைகள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்குக் கெடுதலே. எந்த வகை, எத்தனை நாள் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; கடையில் நீங்களாகக் கூடுதலாக வாங்கவோ, நீங்களாக நிறுத்தவோ வேண்டாம்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்பதற்கு நான் சொல்லித் தருவது இது: பயிற்சி முடிந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும் இழுப்பு வலி, வேலை நடக்கிறது என்று பொருள். இரவு முழுவதும் நீடித்து மறுநாள் காலை முட்டி முந்தைய நாளைவிடப் பெருத்திருந்தால், அளவு மிஞ்சிவிட்டது. பயிற்சியை நிறுத்தாமல் பாதியாக்குங்கள். ஆக உங்கள் கேள்விக்கு என் விடை: வலியோடு செய்ய வைக்கலாம், செய்ய வைக்கத்தான் வேண்டும், அழ அழச் செய்ய வைக்கக்கூடாது.

எண்ணெய் நீவுதலும் கட்டும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கட்டு கூடவே கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுவதன் நோக்கமே அசையாமல் வைப்பது. உங்கள் தாயாரின் முட்டிக்கு அசையாமையே நோய். ஆறாத தழும்பின் மேல் எண்ணெய் தேய்ப்பது தொற்றுக்கு வழி. கெண்டைக்காலை அழுத்தி நீவுவது, உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். தழும்பு முழுவதும் உலர்ந்து, பொருக்கு உதிர்ந்து, ஆறு வாரம் கழிந்தபின் மருத்துவரிடம் காட்டிவிட்டு, தோலை மட்டும் மெல்ல அசைத்துத் தேய்ப்பதில் கெடுதல் இல்லை. தேங்காய் எண்ணெயே போதும். அது தோல் இறுக்கத்தைத் தளர்த்தும். மூட்டின் மடக்கத்தைக் கூட்டும் என்று சொல்ல மாட்டேன்.

விலை குறைந்த மூட்டு என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் நோயாளிகள் கொடுத்தது இதைவிட மிக அதிகம். ஆகவே விலை குறைவாக இருந்தது என்பதிலிருந்து தரம் குறைவு என்ற முடிவுக்குப் போக வேண்டாம். அதிகம் மடங்கும் என்று சொல்லி விற்கப்படும் சிறப்பு மூட்டுகள் சாதாரண மூட்டைவிட நடைமுறையில் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக மடங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டு நிலைக்கும் என்று கணக்கிட்டது. அந்த நாட்டினர் நம்மைப்போல் தரையில் உட்கார்ந்து எழுபவர்கள் அல்லர் என்பதால், அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் சில. காலைத் தானாக மடக்கி நீட்டும் மின் கருவியை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில நாட்களில் கொஞ்சம் உதவலாம், மாதக்கணக்கில் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை என்பதே ஆய்வுகளின் சாரம். அந்தப் பணத்தில், வீட்டுக்கு வந்து வாரம் இரண்டு முறை கோணத்தை அளந்து பயிற்சியைத் திருத்தும் ஓர் இயன்முறை மருத்துவரை அமர்த்துவேன் நான். எல்லாம் ஒழுங்காகச் செய்தும், எக்ஸ்ரே நன்றாக இருந்தும், ஓராண்டு கழிந்தபின் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழு மனநிறைவு அடைவதில்லை. அவர்களில் சிலருக்கு ஏன் வலிக்கிறது என்பது இன்னும் முழுதாக விளங்காத விஷயம். உங்கள் தாயார் எந்தப் பக்கம் சேர்வார் என்று மூன்றாம் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா என்பதில் அறுவை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறையை மட்டும் மேல்நாட்டுக் கழிப்பறையாக மாற்றிவிடுங்கள், கூடவே சுவரில் ஒரு கைப்பிடி. மாற்ற முடியாவிட்டால் பழைய கழிப்பறையின் மேல் வைக்கும் துளையிட்ட நாற்காலி கிடைக்கிறது.

நடைக்கு வீட்டுக்குள்ளேயே மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். இரண்டு வாரம் கழித்து, வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறியபின், வெயில் தாழ்ந்த நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போகலாம். மணலில் இறங்கவிடாமல் சாலையோரச் சமதளத்தில் மட்டும். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவைக் கால் முதலில். மறுபரிசோதனைக்குப் புதுச்சேரி போக அரசுப் பேருந்தின் உயரமான படியை இப்போது நம்ப வேண்டாம். காரில் முன் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை உள்ளே திருப்பச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் திருவந்திபுரம் மலைப்படி வேண்டுதலை யாராவது நினைவுபடுத்தினால், அடிவாரத்திலேயே பெருமாளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் வார மறுபரிசோதனைக்கு ஒரு தாளோடு போங்கள். அதில் வாரத்துக்கு ஒருமுறை அளந்த மடக்கக் கோணமும், குறிப்பாக நீட்டக் கோணமும், சர்க்கரை அளவும் இருக்கட்டும். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: அறுவைக்கு முன் எத்தனை பாகை மடங்கியது, அறுவை முடிந்து மேசையில் மயக்கத்தில் இருந்தபோது எத்தனை மடங்கியது, இப்போதைய எக்ஸ்ரேயில் மூட்டின் அமைவு சரியா. மேசையில் 110 மடங்கிய கால் இப்போது 70இல் நின்றால், தடை தழும்பிலும் வலியிலும் பயத்திலும் இருக்கிறது, மூட்டில் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் 90ஐ எட்டாவிட்டால், மயக்கம் கொடுத்துக் காலை மடக்கி, உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்புத் திசுவை விடுவிக்கும் சிகிச்சை உண்டு. கத்தி படாத சிகிச்சை அது, ஆனால் காலம் கடந்து செய்தால் பலன் குறையும், எலும்பு முறியும் அபாயமும் சிறிதளவு உண்டு. அதைப் பற்றி மருத்துவரே பேச்செடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டுவிடுங்கள்.